செடிகளைப் பத்தி விக்கிப்பீடியால எழுத வைக்கிற பேராசிரியர்களுக்கு: மார்க் போடற முறைய மாத்துங்க

வணக்கம்.

மாணவர்கள விக்கிப்பீடியால கட்டுரை எழுத வைக்கிற தாவரவியல் பேராசிரியர்களுக்கும், அவங்ககிட்ட படிச்சுக்கிட்டே இந்த வேலைய செய்யுற பிள்ளைங்களுக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். நான் அங்க ஒரு சாதாரண பயனர், சம்பளமோ பதவியோ எதுவும் கிடையாது, செடிங்களோட நடத்தை பத்தின பக்கங்கள கவனிப்புப் பட்டியல்ல போட்டு வச்சுக்கிட்டு யார் என்ன சேர்க்குறாங்கன்னு பாத்து, மூலத்தோட ஒப்பிட்டு, தேவைப்பட்டா திருத்துறது என் வேலை. ஒவ்வொரு செமஸ்டர் முடியுற நேரத்துலயும் இந்தப் பக்கங்கள்ல என்ன நடக்குதுன்னு நேர்ல பாக்குறவன்ங்கிற முறையில சில விஷயம் உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

இந்த வேலைய நிறுத்துங்கன்னு கேக்க வரல, அத முதல்ல தெளிவா சொல்லிடறேன். இது ரொம்ப நல்ல வேலை. ஒரு பையனோ பொண்ணோ ராத்திரி முழுக்க உக்காந்து எழுதுற அசைன்மென்ட நீங்க ஒருத்தர் படிச்சு மார்க் போட்டதும் அது முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் யாரும் அத தொறக்கப் போறதில்ல, ஆனா அதே உழைப்பு விக்கிப்பீடியால போனா "செடிக்கு வலிக்குமா", "மரம் ஒண்ணோட ஒண்ணு பேசுமா"ன்னு தேடுற பள்ளிக்கூடப் பிள்ளைலேர்ந்து செய்தி எழுதுறவர் வரைக்கும் அதத்தான் படிக்கப் போறாங்க. இன்னொண்ணும் இருக்கு. எங்கள மாதிரி வெளிய இருக்கிறவங்களுக்கு பாதி ஆய்வுக் கட்டுரைங்க காசு கட்டினாத்தான் தொறக்கும், உங்க மாணவர்களுக்கு பல்கலைக்கழக நூலகம் வழியா அது கையிலயே இருக்கு. அந்த வசதி இருக்கிறவங்க எழுத வர்றது எங்களுக்கு எவ்வளவு பெரிய பலம்னு உங்களுக்கு தெரியணும்.

பிரச்சனை நீங்க மார்க் போடற விதத்துல இருக்கு.

எத்தனை பைட் (கம்ப்யூட்டர்ல எழுத்தோட அளவ சொல்ற அலகு) சேர்த்திருக்காங்க, எத்தனை மேற்கோள் இருக்கு, புதுக் கட்டுரையா இல்லையா, கடைசி தேதிக்குள்ள போட்டாங்களா, இத வச்சுத்தான் பல வகுப்புகள்ல மதிப்பெண் போறதா மாணவர்களே பேச்சுப் பக்கத்துல (ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னாடி, அதப் பத்தி பயனர்கள் பேசிக்கிற பக்கம்) எழுதுறாங்க. எந்தப் பக்கத்தோட வரலாறத் தொறந்து பாத்தாலும் ஒவ்வொரு தொகுப்புக்கும் பக்கத்துல பச்சைல ஒரு கூட்டல் எண் தெரியும், அதுதான் பைட் கணக்கு. தமிழ்ல ஒரு எழுத்துக்குறி கம்ப்யூட்டர்ல 3 பைட் எடுத்துக்கும், 'செ'ன்னு போட்டா ச ஒண்ணு, கொம்பு ஒண்ணுன்னு அதுவே 6 பைட். அந்த எண்ண வச்சு உழைப்ப அளக்கவே முடியாது. ஒரு மாணவி மூணு நாள் நாலு ரிவியூ கட்டுரை (ஒரு தலைப்புல வந்த பல ஆய்வுங்கள தொகுத்து எடைபோடற கட்டுரை) படிச்சிட்டு, பக்கத்துல இருந்த தப்பான ஒரு பத்திய எடுத்துட்டு அங்க சரியான ஒரே ஒரு வரிய வச்சா அவங்க பேருக்கு நேரா சிவப்புல கழித்தல் எண்தான் வரும். என்னைக் கேட்டா அந்த செமஸ்டர்லயே உருப்படியான வேலை அதுதான், அதுக்கு உங்க கணக்குல மார்க் உண்டா?

வேற தலைப்புல இந்த முறை கொஞ்சம் தாங்கும். ஒரு ஆத்தப் பத்தியோ ஒரு பூச்சி இனத்தப் பத்தியோ எழுதினா ஒரு மூலத்த வச்சே ஓரளவு சரியா எழுதிடலாம். செடிகளோட நடத்தைங்கிற துறை அப்படி இல்லைங்க. இங்க ஒரு ஆய்வு வரும், உலகம் பூரா செய்தியாகும், நாலு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் அதையே செஞ்சு பாத்து எனக்கு வரலைன்னு சொல்வார், அது எந்த செய்தித்தாள்லயும் வராது. முதல் ஆய்வ மட்டும் படிச்சிட்டு எழுதினா ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் இருக்கும், ஒவ்வொரு மேற்கோளும் உண்மையா இருக்கும், ஆனா கட்டுரை மொத்தமும் தப்பான எண்ணத்த குடுக்கும்.

பட்டாணி விஷயத்தையே எடுத்துக்கோங்க. 2016ல மோனிகா காக்லியானோங்கிற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை வெளியிட்டாங்க. பட்டாணி நாத்துங்கள ஒய் வடிவக் குழாய்க்குள்ள வளர விட்டு, ஒரு சின்ன ஃபேன் காத்தையும் நீல வெளிச்சத்தையும் சேர்த்து சேர்த்து குடுத்துப் பழக்கி, அப்புறம் வெளிச்சம் இல்லாம ஃபேன மட்டும் வச்சப்ப நிறைய நாத்துங்க வெளிச்சம் வர வேண்டிய பக்கமா வளர்ந்துச்சு, மணியடிச்சா எச்சில் ஊறுற பாவ்லோவோட நாய் மாதிரி செடியும் ஒண்ண ஒண்ணோட இணைச்சுக் கத்துக்குதுன்னு சொன்னாங்க. படிக்கிறப்பவே சிலிர்க்கிற விஷயம்தான். 2020ல கேசி மார்க்கெல் அதே சோதனைய இன்னும் அதிக நாத்துங்கள வச்சு, எது எந்தக் குழுவுன்னு அளக்கிறப்ப தெரியாத மாதிரி ஏற்பாடு பண்ணி செஞ்சு பாத்தார். கத்துக்கிட்டதுக்கு ஆதாரம் கிடைக்கலைன்னு ஈலைஃப் (eLife) அறிவியல் இதழ்ல எழுதினார். காக்லியானோ குழு சோதனை நிலைமைங்க ஒரே மாதிரி இல்லைன்னு அதே இதழ்ல மறுப்பு எழுதினாங்க, மார்க்கெல் அதுக்கும் பதில் எழுதினார். இந்த மொத்தக் கதையும்தாங்க ஒரு கலைக்களஞ்சியத்துல இருக்க வேண்டிய தகவல்.

ஒரு மாணவர் இந்தத் தலைப்புல ரொம்ப அழகா மூணு பத்தி எழுதியிருந்தார், குழாயோட அமைப்பு, ஃபேன் எங்க இருந்துச்சு, எல்லாம் தெளிவா, படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. 2020 ஆய்வு பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. நான் பேச்சுப் பக்கத்துல அந்தக் கட்டுரை விவரத்த குடுத்து, இதையும் சேர்த்தா பக்கம் முழுமையாகும், நீங்களே சேருங்க, நல்லா எழுதுறீங்கன்னு போட்டேன். பதில் வரல. அவரோட பங்களிப்புப் பட்டியல பாத்தா அந்தக் கட்டுரை போட்ட நாளோட எல்லாம் நின்னு போயிருக்கு, அன்னிக்குத்தான் கடைசி தேதி போல. அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவருக்கு குடுத்த வேலைய அவர் ஒழுங்கா முடிச்சிட்டார், யாராவது கேள்வி கேட்டா பதில் சொல்றதும் இந்த வேலைதான்னு அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

தொட்டாச்சிணுங்கி கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2014ல வந்த ஆய்வுல தொட்டிய 15 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து திரும்பத் திரும்ப விழ விட்டாங்க, ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு ஆனதும் செடி இலைய மூடுறத நிறுத்திடுச்சு, 28 நாள் கழிச்சும் அப்படியே இருந்துச்சுன்னு முடிவு. அது கத்துக்கிட்டதா, இல்ல களைச்சுப் போனதா, அத பிரிச்சுக் காட்ட வச்ச சோதனை போதுமான்னு 2018ல, அந்த ஆய்வு வந்த அதே இதழ்லயே கேள்வி வந்துச்சு. இலை மூடுற விஷயம் பத்தி சந்தேகமே இல்ல, இலைக்காம்போட அடியில இருக்கிற புடைப்புல செல்லுங்க பொட்டாசியத்தையும் அதோட தண்ணியையும் வெளிய விட்டுத் தளர்றதாலதான் இலை தொங்குது. இப்படி உறுதியா தெரிஞ்சதையும், இன்னும் வாக்குவாதத்துல இருக்கிறதையும் ஒரே குரல்ல எழுதிட்டா படிக்கிறவங்களுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு, "தக்காளிச் செடி அலறுது"ன்னு 2023ல வந்த செய்திங்க. செல் இதழ்ல டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினது என்னன்னா, தண்ணி இல்லாம வாடுற, இல்ல தண்டு வெட்டுப்பட்ட தக்காளியும் புகையிலையும் மனுஷக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ல சொடுக்குற மாதிரி சத்தம் போடுது, நல்லா இருக்கிற செடி ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு கூட போடறதில்ல, வாடுற செடி பத்துக் கணக்குல போடுதுங்கிறதுதான். தண்ணி ஏறுற குழாய்ங்கள்ல காத்துக் குமிழி உருவாகி உடையிறது காரணமா இருக்கலாம்னும் அவங்களே சொல்லியிருக்காங்க. அலறல், அழுகை, உதவிக்குக் கூப்பிடறது, இதெல்லாம் ஆய்வுல கிடையாது. ஆனா விக்கிப்பீடியால ஏறினப்ப செய்தித் தலைப்புதான் ஏறுச்சு, மேற்கோள் மட்டும் செல் இதழுக்கு இருந்துச்சு. மாணவர் செய்தியப் படிச்சிட்டு எழுதி, மேற்கோளுக்கு மட்டும் ஆய்வ வச்சிருக்கார்னு பாத்த உடனே தெரியும். தயவு செஞ்சு வகுப்புல இத ஒரு நாள் எடுத்து உக்காந்து காட்டுங்க, செய்திய ஒரு பக்கம், ஆய்வ ஒரு பக்கம் வச்சு வரி வரியா.

காட்டுக்கு அடியில பூஞ்சை வழியா மரங்க ஒண்ணுக்கொண்ணு சாப்பாடு அனுப்புதுங்கிற விஷயத்துல நடந்தது இதவிடப் பெருசு. 1997ல சுசான் சிமார்டும் சகாக்களும் நேச்சர்ல வெளியிட்ட ஆய்வு நல்ல ஆய்வு, பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபர் மரத்துக்கும் நடுவுல கார்பன் போறத ஐசோடோப் (அடையாளம் கண்டு பின்தொடரக்கூடிய கார்பன் வகை) வச்சு காட்டினாங்க. அங்கேர்ந்து கிளம்பி, தாய் மரம் தன் குட்டிய அடையாளம் கண்டு ஊட்டுது, ஆபத்துன்னா எச்சரிக்கை அனுப்புதுன்னு எங்கயோ போயிருச்சு. 2023ல ஜஸ்டின் கார்ஸ்டும் இன்னும் ரெண்டு பேரும், அவங்களும் இதே துறையில வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்கதான், உக்காந்து பழைய ஆய்வுங்கள திரும்பப் படிச்சாங்க. தாய் மரம் தன் வாரிசுக்குன்னு பாத்து அனுப்புறதுக்கு காட்டுல செஞ்ச ஆய்வு ஆதாரம் எதுவும் வெளியாகலைன்னு சொன்னதோட நிக்காம, விஞ்ஞானிகளே தங்களுக்குப் பிடிச்ச முடிவ மட்டும் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டிக்கிட்டே வந்திருக்காங்கன்னும் காட்டினாங்க. ஆய்வாளர்களுக்கே இந்த நிலைமைன்னா ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை என்ன பண்ணும்? அதுக்குத்தான் ஆசிரியர்னு நீங்க இருக்கீங்க.

எல்லாத்தையும் சந்தேகப்பட்டு வெட்டச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க, அதுவும் அதே அளவு தப்புதான். 1983ல பால்ட்வினும் ஷுல்ட்ஸும், தனியா ரோட்ஸும், பூச்சி கடிச்ச மரத்துக்குப் பக்கத்து மரமும் தன்னோட பாதுகாப்ப ஏத்திக்குதுன்னு சொன்னப்ப புள்ளியியல் சரியில்ல, வேற காரணம் இருக்கலாம்னு கடுமையா விமர்சனம் பண்ணினாங்க, பல வருஷம் அந்தப் பேச்சே அடங்கிப் போச்சு. அப்புறம் ரிச்சர்ட் கார்பன் மாதிரி ஆளுங்க வெளியில, திறந்த நிலத்துல, சேஜ்பிரஷ் புதர வெட்டி வெட்டிப் பாத்து, பக்கத்துல இருக்கிற காட்டுப் புகையிலைய பூச்சி குறைச்சலா தின்னுதுன்னு காட்டினாங்க. செடிங்க விடுற வாசனைப் பொருளுங்கள பக்கத்துச் செடி உணருதுங்கிறது இன்னைக்கு நல்லா நிலைச்ச விஷயம். அதே மாதிரி 1873லயே பர்டன் சாண்டர்சன், டார்வின் கேட்டுக்கிட்டதுக்காக, வீனஸ் பூச்சிப்பொறிச் செடியில மின் துடிப்ப அளந்து காட்டிட்டார், ஜெகதீஷ் சந்திர போஸ் தொட்டாச்சிணுங்கிய வச்சு அந்த வழியில ரொம்ப தூரம் போனார். இந்த வேலையெல்லாம் கட்டுரைல முழு மரியாதையோட இருக்கணும், ஆனா போஸ் பேரச் சொல்லி "செடிக்கு மனசு இருக்குன்னு நிரூபிச்சார்"னு எழுதினா அது அவருக்கு நாம செய்யுற மரியாதை ஆகாது.

உண்மைய மட்டும் எழுதினா சுவாரஸ்யம் போயிடும்னு மாணவர்கள் பயப்படறாங்க. பூச்சிப்பொறிச் செடியப் பாருங்க. இலைக்குள்ள இருக்கிற உணர்முடிய பூச்சி ஒரு தடவ தொட்டா இலை மூடாது. ஒரு மின் துடிப்பு ஓடும், செல்லுக்குள்ள கால்சியம் ஏறும், அப்படியே மெதுவா இறங்க ஆரம்பிக்கும். அது முழுசா இறங்குறதுக்குள்ள, சுமார் 20லேர்ந்து 30 நொடிக்குள்ள, இன்னொரு தடவ தொட்டா கால்சியம் ஒரு எல்லையத் தாண்டும், இலை நொடியில பத்துல ஒரு பங்குல படக்குன்னு மூடும். மழைத்துளி ஒண்ணு விழுந்ததுக்கெல்லாம் மூடி சக்திய வீணாக்கறதில்ல. உள்ள மாட்டின பூச்சி துடிக்கத் துடிக்க துடிப்பு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும், மூணத் தாண்டினா செரிமான நொதிக்கான ஜீனுங்க வேலைய ஆரம்பிக்கும், பூச்சி எவ்வளவு துடிக்குதோ அவ்வளவுக்கு நொதி கூடும். ஹெட்ரிச் குழு 2016ல வெளியிட்டது இது, கால்சியம் ஏறி இறங்குறத ஜப்பான் ஆய்வாளர்கள் 2020ல ஒளிர வச்சு படமாவே எடுத்துக் காட்டினாங்க. மூளைங்கிற பேச்சே இல்லாம ஒரு செடி எண்ணுது, கொஞ்ச நேரத்துக்கு நினைவும் வச்சுக்குது, எப்படிங்கிறதும் தெரியுது. இத விட சுவாரஸ்யமா என்ன வேணும்! என் அனுபவத்துல பொறிமுறைய விளக்கி எழுதின பத்திங்களத்தான் வாசகர்கள் பேச்சுப் பக்கத்துல வந்து பாராட்டுறாங்க.

சண்டை இருக்கிற இடத்துல சண்டையையும் எழுதலாம், அதுக்கு ஒரு தடையும் இல்ல. தாவர நரம்பியல்னு ஒரு துறைக்கு 2006ல சிலர் அறிக்கை மாதிரி ஒரு கட்டுரை போட்டாங்க, அடுத்த வருஷமே அதே இதழ்ல 36 விஞ்ஞானிங்க கையெழுத்துப் போட்டு செடிக்கு நரம்பும் கிடையாது மூளையும் கிடையாது, இந்தப் பேரால அறிவியலுக்கு என்ன லாபம்னு கேட்டாங்க. அந்தப் பேர்ல இருந்த ஆய்வாளர் சங்கமே பின்னாடி பேர மாத்திக்கிச்சு. நடுநிலை நோக்குன்னா ரெண்டு தரப்புக்கும் பாதிப் பாதி இடம் குடுக்கிறதுன்னு மாணவர்கள் நினைக்கிறாங்க, ஆதாரமும் துறை ஏத்துக்கிட்ட அளவும் எவ்வளவோ அவ்வளவு இடம்ங்கிறதுதான் அங்க விதி. இந்த எடை போடற திறமைதான் ஒரு பட்டப்படிப்புல கத்துக்க வேண்டியது, அதுக்கு இதவிட நல்ல பயிற்சிக் களம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அதனால நான் கேக்கறது இதுதான். பைட் கணக்க விட்டுடுங்க. ஒரு மாணவர் தன் தலைப்புல வந்த ரிவியூ கட்டுரைங்கள படிச்சாரா, முக்கியமான ஆய்வ வேற யாராவது திரும்ப செஞ்சு பாத்தாங்களான்னு தேடினாரா, அத பக்கத்துல எப்படி வச்சாருன்னு பாத்து மார்க் போடுங்க. பேச்சுப் பக்கத்துல வந்த கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார்ங்கிறதுக்கும் மார்க் போடுங்க, அதுக்கு கட்டுரை கடைசி வாரத்துல ஏறக்கூடாது, பாதி செமஸ்டர்லயே மணல்தொட்டியிலேர்ந்து (எழுதிப் பழகுற தனிப் பக்கம்) வெளிய வந்துடணும், மிச்ச நாள் பூரா மத்த பயனர்களோட பேசித் திருத்துறதுக்குன்னு இருக்கணும். தப்பான ஒரு வரிய ஆதாரத்தோட எடுத்தவருக்கு புதுசா நாலு பத்தி போட்டவருக்கு சமமா மார்க் குடுங்க. புதுக் கட்டுரைதான் வேணும்னு கட்டாயப்படுத்தாதீங்க, ஏற்கெனவே இருக்கிற பக்கங்கள்லயே அவ்வளவு வேலை கிடக்கு. ஆய்வுலேர்ந்து வரிங்கள அப்படியே எடுத்து ஒட்டினா காப்புரிமை மீறல்னு மொத்தமா அழிச்சிடுவாங்கங்கிறத முதல் வகுப்புலயே சொல்லிடுங்க. முடிஞ்சா நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி ஒரு பக்கத்தையாவது தொகுத்துப் பாருங்க, உங்க தொகுப்ப யாராவது நீக்கிப் பழையபடி மாத்திட்டாங்கன்னா அப்ப மாணவருக்கு எப்படி இருக்கும்னு புரியும், அவங்களுக்கு வழி சொல்லவும் வரும்.

ஏஐ கிட்ட கேட்டு வாங்கி ஒட்டுறதப் பத்தியும் சொல்லணும். இப்ப வர்ற சில கட்டுரைங்கள்ல ஆசிரியர் பேரு நிஜம், இதழ் பேரு நிஜம், ஆனா அப்படி ஒரு கட்டுரையே உலகத்துல கிடையாது. ஒவ்வொண்ணா தேடிப் பாத்து நீக்குறதுக்குள்ள எங்களுக்கு ஒரு சாயங்காலமே போயிடுது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் அந்த ஆய்வுல எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தாங்கன்னு மாணவர்கிட்ட கேளுங்க, ஒரு நிமிஷ வேலைதான்.

மாணவர்களே, உங்ககிட்டயும் ஒண்ணு. உங்க கட்டுரைல யாராவது கை வச்சா உங்கள அவமானப்படுத்தறாங்கன்னு நினைக்காதீங்கப்பா. அங்க யாரும் யாரோட எழுத்துக்கும் சொந்தக்காரர் இல்ல. ஏன் எடுத்தீங்கன்னு பேச்சுப் பக்கத்துல தைரியமா கேளுங்க, உங்ககிட்ட நல்ல மூலம் இருந்தா எடுத்தவரே திரும்ப வைப்பார், நானே வச்சிருக்கேன். படிப்பு முடிஞ்சதும் அந்தக் கணக்க மறந்துடாதீங்க, மாசத்துக்கு ஒரு தடவ வந்து உங்க பக்கத்தப் பாத்தாலே போதும். நீங்க ரெண்டு மாசம் உக்காந்து படிச்ச விஷயம் அந்தப் பக்கத்துல வேற யாருக்கும் அவ்வளவு தெரியாது.

தலைப்பு தேடுற வகுப்புகளுக்கு, மொழி எதுவானாலும் ஆள் தேவைப்படுற பக்கங்க என் கண்ணுல சில இருக்கு. கஸ்குட்டா ஒட்டுண்ணிக் கொடி தக்காளியோட வாசனைய வச்சு அது இருக்கிற பக்கமா வளருதுன்னு 2006ல சயின்ஸ் இதழ்ல வந்தது, அதுக்கப்புறம் நடந்த வேலையெல்லாம் ஒழுங்கா சேர்த்து எழுதினவங்க குறைச்சல். கூடப் பொறந்த விதைங்க ஒரே தொட்டில இருந்தா வேர் போட்டிய குறைச்சுக்குதுன்னு 2007ல சூசன் டட்லி சொன்னது, அதுக்கு வந்த ஆதரவும் எதிர்ப்பும் ஒரே பக்கத்துல வரணும். போக்விலா கொடி பக்கத்து மரத்து இலை மாதிரியே தன் இலைய மாத்திக்கிற விஷயம் 2014ல வந்தது, பிளாஸ்டிக் இலையப் பாத்தும் மாத்துச்சுன்னு 2021ல சொன்ன ஆய்வுக்கு வந்த விமர்சனங்கள் பல இடத்துல இன்னும் ஏறல. அடுத்த செமஸ்டருக்கு தலைப்புப் பட்டியல் போடறப்ப, வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்தந்தப் பக்கத்தோட பேச்சுப் பக்கத்துல ஒரு வரி எழுதிப் போடுங்க, என்னென்ன படிக்கணும், எங்க இடிக்குதுன்னு நானும் மத்த பயனர்களும் முதல் வாரத்துலயே சொல்லிடறோம்.

அன்புடன்,
செடிப் பக்கங்கள கவனிக்கிற ஒரு விக்கிப்பீடியா பயனர்